எழுந்திருக்க மறுத்த ஆடு

ரயிஸா எங்கள் ஊருக்கு வந்த முதல் சனிக்கிழமையே அவளுக்காக ஒரு சட்டை காத்திருந்தது. வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாகக் கையால் பூவேலை செய்த சட்டை. எங்கள் நட்புக் கழகத்தின் தலைவி ஒர்ட்ரூட் டீச்சர் அதை மெல்லிய தாளில் சுற்றி, பிறந்த குழந்தையை ஏந்துவதுபோல இரண்டு கைகளிலும் ஏந்திக் கொடுத்தார். ரயிஸா பிரித்தாள். தோள்மேல் வைத்துப் பார்த்தாள். அவளுடைய தோள் சட்டையின் தோளைவிட ஒரு சாண் அகலம்.

"இதுல என்னோட ஒரு கைதான் நுழையும்," என்றாள் அவள் பாஷையில்.

மொழிபெயர்க்கப் பக்கத்தில் நின்ற மிரோஸ்லாவா ஜெர்மனில் எங்களுக்குச் சொன்னாள்: "ரொம்ப அழகா இருக்குன்னு சொல்றாங்க."

நாங்கள் எல்லோரும் கைதட்டினோம். ரயிஸா உண்மையில் என்ன சொன்னாள் என்பது எனக்கே ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. அவள் ஜெர்மன் கற்றுக்கொண்ட பிறகு, ஒருநாள் என் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொன்னாள். நான் சிரித்த சிரிப்பில் அவள் கையிலிருந்த கத்தி தவறிக் கீழே விழுந்துவிட்டது.

என் பெயர் வீப்க. ஜெர்மனியில் ஓஸ்டர்ஃபேர் என்கிற எங்கள் ஊரில், மருந்துக்கடையில் வேலை. நட்புக் கழகத்தில் எனக்குச் சமையலறைப் பொறுப்பு. சர்ச்சுக் கூடத்தில் எந்த நிகழ்ச்சி நடந்தாலும் காபி, கேக், தட்டு, பாத்திரம் எல்லாம் என் தலையில். எங்கள் ஊரும் உக்ரைனில் இருக்கிற நோவா பிரிஸ்தானும் சகோதர ஊர்கள். இரண்டும் ஆற்றங்கரைத் துறைமுகங்கள், இரண்டிலும் கோதுமைக் கிடங்குகள். என் இளமைக் காலத்தில் அவர்கள் பாட்டுக் குழு இங்கே வரும், எங்கள் குழு அங்கே போகும். பிறகு எல்லாம் குறைந்துபோய், கழகம் என்பது மாதம் ஒருமுறை காபி குடித்துக்கொண்டு பழைய படங்களைப் பார்க்கிற வயதானவர்கள் ஆறேழு பேர் என்று ஆகிவிட்டது. போர் தொடங்கிய வசந்தத்தில் பஸ் பஸ்ஸாக மக்கள் வந்தார்கள். கழகத்தில் சேர வரிசையில் நின்றார்கள் ஊர்க்காரர்கள். ஒர்ட்ரூட் டீச்சருக்கு அப்போது எழுபத்தைந்தைத் தாண்டியிருந்தது. ஆனால் பாதி ஊருக்குப் பூகோளம் சொல்லிக்கொடுத்த குரல் அப்படியே இருந்தது.

"வீப்க, உன் மாடி சும்மாதானே கிடக்கு?" என்று போனில் கேட்டார்.

"பையனோட சாமானெல்லாம் இருக்கு டீச்சர்."

"அவன் ஹாம்பர்க் போய் எத்தனை வருஷம் ஆச்சு? எடுத்துப் போடு. நாளைக்கு ஒரு அம்மா வர்றாங்க. நோவா பிரிஸ்தான்லேர்ந்தே வர்றாங்க!"

அப்படித்தான் ரயிஸா என் வீட்டு மாடிக்கு வந்தாள். ஐம்பது வயது, ஒட்ட வெட்டிய தலைமுடி, கனத்த குரல். கணவன் எப்போதோ வேறொருத்தியோடு ஒதெஸ்ஸாவுக்குப் போய்விட்டான். பிள்ளைகள் இல்லை. தம்பி தோலிக் மட்டும் ஊரிலேயே இருந்தான். துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டுகிறவன். முதல் நாள் காலையில் அவள் என் ஜன்னலோரம் நின்று, ஆற்றங்கரையில் தெரிந்த கிரேனைப் பார்த்தாள். அதைச் சுட்டிக்காட்டினாள், பிறகு தன் நெஞ்சைத் தொட்டாள். எனக்குப் புரியவில்லை. போனை எடுத்துப் படம் காட்டினாள்: ஆறு மாடி உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு, அதற்குள் இவள், தலையில் மஞ்சள் தொப்பி, வாயில் சிகரெட். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ரயிஸா கிரேன்தான் ஓட்டியிருக்கிறாள்.

கழகத்தில் இதைச் சொன்னேன். "பிரமாதம்!" என்றார் ஒர்ட்ரூட் டீச்சர். "பாட வருமான்னு கேட்டியா?"

டீச்சரைக் குறை சொல்ல முடியாது. மாதம் ஒரு உக்ரைன் மாலை என்று அவர் திட்டம் போட்டிருந்தார். ஊர்க்காரர்கள் பார்க்க வேண்டும், கேட்க வேண்டும், சாப்பிட வேண்டும். அப்போதுதான் நாளைக்குச் செய்தித்தாளில் வேறு செய்தி வந்த பிறகும் இவர்களை மறக்க மாட்டார்கள் என்பது அவர் கணக்கு. மற்றவர்கள் எங்கெங்கோ ஊர்களிலிருந்து வந்தவர்கள். சகோதர ஊரிலிருந்தே வந்தவள் ரயிஸா ஒருத்திதான். ஆகவே ஒவ்வொரு மாலையும் அவளைத்தான் மேடையில் நிறுத்தினார்கள்.

முதலில் முட்டைக்கு வண்ணம் தீட்டும் நாள். உருகிய மெழுகால் முட்டைமேல் மெல்லிய கோடுகள் இழுத்து, சாயத்தில் தோய்க்க வேண்டும். ரயிஸாவின் மேஜையைச் சுற்றித்தான் பெரிய கூட்டம். முதல் முட்டையை எடுத்தாள், விரலுக்குள் நொறுங்கியது. இரண்டாவதும் நொறுங்கியது. மூன்றாவதை ரொம்பக் கவனமாகப் பிடித்து, மெழுகைத் தொட்டு, ஒரு வட்டம் போட்டாள். அது வட்டமாகவும் இல்லை. நான்காவது உடைந்ததும் நிமிர்ந்து என்னைப் பார்த்து, அதுவரை கற்றிருந்த நாலு ஜெர்மன் வார்த்தையில் கேட்டாள்.

"வீப்க, வாணலி இருக்கா?"

அன்றைக்கு அந்த மேஜையில் எல்லோருக்கும் ஆம்லெட் கிடைத்தது. சாப்பிட்டவர்கள் சந்தோஷமாகத்தான் போனார்கள். டீச்சர் மட்டும் ஆம்லெட்டைத் தொடாமல் சாயக் கிண்ணங்களைக் கழுவினார்.

அடுத்த மாதம் வரேனிகி. மாவை வட்டமாக இட்டு, உள்ளே மசித்த உருளைக்கிழங்கு வைத்து, அரைவட்டமாக மடித்து ஓரத்தை அழுத்தி வேகவைப்பது. இதை மிரோஸ்லாவா நடத்தினாள். அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். மேற்கே மலைப்பக்கத்து ஊர்க்காரி, பள்ளியில் பாட்டு சொல்லிக்கொடுத்தவள், முப்பத்தைந்து வயது இருக்கும். ஜெர்மன் நன்றாகப் பேசுவாள். அவளுடைய பின்னல், சட்டை, குரல், மாவு எல்லாமே அப்பழுக்கில்லாமல் இருக்கும். ரயிஸா மடித்ததெல்லாம் கொதிநீரில் வாய் பிளந்து, பானை முழுக்க உருளைக்கிழங்குக் கஞ்சியானது. வந்திருந்த ஒரு பெண்மணி, "உங்க வீட்ல அம்மா எப்படிச் செய்வாங்க?" என்று ஆசையாகக் கேட்டாள்.

"எங்கம்மா உருக்காலையில வேலை பாத்தாங்க. கடையில உறைஞ்ச பாக்கெட் வாங்கிட்டு வருவாங்க. நானும் அப்படித்தான்," என்றாள் ரயிஸா.

இதை மிரோஸ்லாவா மொழிபெயர்க்கவில்லை. கூட்டம் கலைந்த பிறகு சமையலறையில் வெடித்தாள். நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை, ஆனாலும் சண்டை புரியாதா? பிறகு இருவரும் தனித்தனியாக எனக்குச் சொன்னதைச் சேர்த்துப் பார்த்தால் இப்படித்தான் நடந்திருக்கிறது.

"ரயிஸா அக்கா, நம்மகிட்ட இருக்கறதையெல்லாம் அழிக்கணும்னு ஒருத்தன் குண்டு போடறான். இங்க ஜனங்க வந்து, உங்ககிட்ட என்ன இருக்கு காட்டுங்கன்னு ஆசையா கேக்கறாங்க. நீங்க பாக்கெட்டுங்கறீங்க!"

"பொய் சொல்லச் சொல்றியா?"

"கத்துக்கங்கன்னு சொல்றேன். பேச்சையாவது சரி பண்ணிக்கங்க. பாதி ரஷ்யன், பாதி நம்ம பாஷை. கேக்கவே கஷ்டமா இருக்கு."

"எங்க துறைமுகத்துல எல்லாரும் இப்படித்தான்டி பேசுவோம். அந்த வாயாலதான் எங்க பசங்க இப்ப சண்டையும் போடறாங்க. போய் அவனுங்களுக்கு இலக்கணம் சொல்லிக்குடு, மகாராணி!"

மிரோஸ்லாவா முகம் வெளுத்துப்போய் வெளியே போனாள். ரயிஸா ஈரத் துணியை மேஜையில் அடித்துவிட்டு, தனியாகவே நடந்து வீட்டுக்குப் போனாள். அதன்பின் அவள் எந்த மாலைக்கும் வரவில்லை.

முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில் வேலை கிடைத்தது. காலையில் போவாள், மாலையில் வருவாள், ஜெர்மன் வகுப்புக்குப் போவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் இருவரும் ஆற்றோரம் நடப்போம். பேச்சு கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. பேச்சு வந்ததும்தான் அவள் எவ்வளவு வேடிக்கையான ஆள் என்பது எனக்குத் தெரிந்தது. சலவைக்கு வரும் படுக்கை விரிப்புகளை வைத்தே இல்லத்தின் எந்தக் கிழவரும் கிழவியும் ரகசியமாகக் காதலிக்கிறார்கள் என்று கதை கட்டுவாள். மேலதிகாரி அம்மாள் மூக்கைச் சுளிப்பதை அப்படியே செய்து காட்டுவாள். "துறைமுகத்துல மைக் என் கையில இருக்கும்," என்பாள். "கீழே நிக்கறவனுக்கு மேலேர்ந்து பேசணும்ல? கப்பல் கேப்டன்கள்கூட என் வாய்க்குப் பயப்படுவாங்க."

"அப்ப கழகத்துக்கு வாயேன். இதையே அங்க செஞ்சு காட்டு," என்பேன்.

"எனக்கு அந்தச் சட்டை பத்தாது வீப்க," என்பாள். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

அடுத்த ஆண்டின் இலையுதிர்காலத்தில் டீச்சர் மலான்கா கொண்டாடலாம் என்றார். அது அவர்களுடைய புத்தாண்டுக் கூத்து. வேஷம் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போவார்கள். கிழவன், கிழவி, வைத்தியன், முக்கியமாக ஓர் ஆடு. தேதியிலேயே தகராறு வந்தது. "நாங்கதான் சர்ச் நாட்காட்டியை மாத்திட்டோமே, டிசம்பர் முப்பத்தொண்ணுல வைக்கணும்," என்றாள் மிரோஸ்லாவா. "கூடம் ஜனவரி பதிமூணுதான் காலி," என்றார் டீச்சர். பழைய நாட்காட்டிப்படி மலான்கா அன்றைக்குத்தான்; அது கூடத்தின் தயவில் ஜெயித்தது.

ஆட்டுக்கு வேண்டிய கொம்பையும் தோலையும் தந்தவர் கசாப்புக் கடைக்காரர் கிளாஸ் டீட்ஜென். கழகத்தின் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஒரு கூடை சாசேஜ் அவர் உபயம். பேச மாட்டார், முதல் வரிசையில் வந்து கைகட்டி உட்காருவார், முடிந்ததும் போய்விடுவார். மரத்தில் தலை செதுக்கி, தாடையைக் கயிறு இழுத்தால் திறந்து மூடும்படி செய்தோம். ஆடாக ஆடுவதாக இருந்தவர் ஓய்வுபெற்ற தபால்காரர் ஹைனர். புத்தாண்டு முடிந்த வாரம் வாசலில் பனி உறைந்து வழுக்கி, ஹைனரின் கணுக்கால் உடைந்தது.

"ரயிஸாவைக் கேக்கலாம்," என்றேன்.

மிரோஸ்லாவா ஆட்டுத் தலையின் கயிற்றை இழுத்து இழுத்துப் பார்த்தாள். கடைசியில், "நான் கேட்டா வருவாங்களா?" என்றாள்.

"நீ கேட்டாத்தான் வருவா."

அன்று சாயங்காலமே வந்தாள். கோட்டைக் கழற்றாமல் என் சமையலறை வாசலில் நின்றாள். ரயிஸா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன். எனக்காகவோ என்னவோ, இருவரும் ஜெர்மனிலேயே பேசினார்கள்.

"ரயிஸா அக்கா, மலான்காவுக்கு ஆடு வேணும்."

"கிளாஸ் கடையில கேளு."

"உயிரோட இருக்கிற ஆடு."

"ஆடு பாடணுமா?"

"கூடாது."

"பேசணுமா?"

"ஆடு எங்கயாவது பேசுமா? தாடையைத்தான் தட்டணும்."

"அப்ப என் பாஷை யார் காதையும் குத்தாது."

மிரோஸ்லாவாவுக்குக் காது சிவந்தது. "அன்னிக்கு நான் பேசினது தப்புக்கா," என்றாள்.

ரயிஸா கத்தியை வைத்தாள். "பூப்போட்ட சட்டை போடணுமா?"

"இல்ல. தோல்தான். யாருக்கும் பத்தும்."

"சரி, உக்காரு. நின்னா எனக்குக் கழுத்து வலிக்குது. நீயும் ரெண்டு கிழங்கு உரி."

ஒத்திகையில் நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். கொம்புத் தலையை மாட்டியதும் ரயிஸா வேறு ஆளானாள். டீச்சரின் கைப்பையை முகர்ந்தாள். ஜன்னல் திரையை மென்றாள். மிரோஸ்லாவா திருத்தம் சொல்ல வாயெடுத்தால் பின்னால் வந்து முட்டினாள். "இவ்ளோ நாளா இந்த ஆளை எங்க ஒளிச்சு வெச்சிருந்தே?" என்று டீச்சர் என்னைக் கேட்டார், என்னவோ நான்தான் அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்ததுபோல.

பதிமூன்றாம் தேதி காலையில் நான் மாடிக்குக் காபி கொண்டுபோனபோது ரயிஸா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். போன் மடியில் இருந்தது. நோவா பிரிஸ்தான் துறைமுகத்தில் இரவு குண்டு விழுந்திருக்கிறது. படகுத்துறை எரிகிற படம் வந்திருந்தது. தம்பி தோலிக்குக்குப் போன் போகவில்லை.

"நிகழ்ச்சியை நிறுத்திடலாம்," என்றேன். "டீச்சர்கிட்ட நான் சொல்றேன்."

"நிறுத்தினா?"

"நீ வீட்ல இரு. நானும் இருக்கேன்."

"ரெண்டு பேரும் உக்காந்து போனைப் பாத்துட்டே இருந்தா அது அடிக்குமா?" எழுந்து முகம் கழுவினாள். "வேணாம் வீப்க. வேலை இருந்தாத்தான் என்னால நிக்க முடியும். மிரோஸ்லாவாகிட்ட மட்டும் சொல்லு. வேற யாருக்கும் வேணாம்."

கூடம் நிரம்பி வழிந்தது. நாற்காலி போதாமல் சுவரோரம் நின்றார்கள். மேயர் வந்திருந்தார். கிளாஸ் முதல் வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருந்தார். நான் சமையலறை வாசலிலிருந்து பார்த்தேன்.

ஹைனர் கட்டுக்காலோடு நாற்காலியில் உட்கார்ந்து அக்கார்டியன் வாசித்தார். கிழவன் ஆட்டைக் கயிற்றில் கட்டி இழுத்து வந்தான். ஆடு குதித்தது, மேயரின் கழுத்துப் பட்டையைக் கடித்து இழுத்தது, வரிசை வரிசையாகப் போய் ஆட்களை முட்டியது. ஜனங்கள் கத்திச் சிரித்தார்கள். பிறகு கூத்தின்படி ஆடு தடாலென்று விழுந்து செத்தது. கிழவன் அழுதான். வைத்தியனாக வேஷம் போட்ட மிரோஸ்லாவா பெரிய பெட்டியோடு ஓடிவந்து, ஆட்டின் நாடியை வாலில் பிடித்துப் பார்த்தாள். பிறகு கோதுமை மணிகளை வீசினார்கள். எல்லோரும் சேர்ந்து எழுப்புகிற பாட்டைப் பாடினார்கள். பாட்டின் முடிவில் ஆடு துள்ளி எழ வேண்டும். அப்போதுதான் ஆண்டு நல்ல ஆண்டாக இருக்கும்.

பாட்டு முடிந்தது. ஆடு எழவில்லை.

மறுபடி பாடினார்கள். ஆடு அசையவில்லை. மிரோஸ்லாவா குனிந்து தோல்மேல் கை வைத்தாள். வைத்த கையை எடுக்காமல் என்னைப் பார்த்தாள். தோலுக்குள் ரயிஸாவின் முதுகு குலுங்கிக்கொண்டிருக்கிறது என்று அந்தப் பார்வையிலேயே எனக்குத் தெரிந்தது. அக்கார்டியன் நின்றது. டீச்சர் மேடை ஓரத்தில் நிகழ்ச்சித் தாளைக் கசக்கிக்கொண்டு நின்றார். சிரிப்பு அடங்கியது, யாரோ இருமினார், பிறகு அதுவும் இல்லை. நான் ஏப்ரனை அவிழ்த்துப் போட்டுவிட்டு நடக்க ஆரம்பித்தேன்.

எனக்கு முன்னால் கிளாஸ் எழுந்துவிட்டார்.

"தள்ளுங்க, தள்ளுங்க," என்றார். அந்தக் கூடத்தில் அவர் குரலை அதற்குமுன் யாரும் கேட்டதில்லை. "ஆட்டைப் பத்தி இந்த ஊர்ல என்னைவிட யாருக்குத் தெரியும்?"

கூடம் முழுக்கக் கொல்லென்று சிரித்தது. வலிக்கிற முட்டிகளை மெல்ல மடித்து ஆட்டின் பக்கத்தில் மண்டியிட்டார். வயிற்றை அமுக்கிப் பார்த்தார், காலைத் தூக்கி எடை பார்த்தார். பிறகு மரத் தலையின் காதைத் தூக்கி, உள்ளே ஏதோ சொன்னார். கொஞ்ச நேரம் அப்படியே குனிந்திருந்தார். நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்து அறிவித்தார்: "சாகல. ஆனா ரொம்ப முத்தல். சாசேஜுக்குக்கூட ஆகாது."

ஆட்டின் பின்னங்கால் ஒன்று எழுந்து அவர் இடுப்பில் ஓர் உதை விட்டது.

அந்தச் சிரிப்பில் கூரை இடிந்துவிடும்போல இருந்தது. அக்கார்டியன் பிடித்துக்கொண்டது. பாட்டு மூன்றாம் முறை ஆரம்பித்தது. ஆடு எழுவதாக இல்லை. தரையில் கிடந்தபடியே தலையை இடமும் வலமும் ஆட்டியது, தாடையை டக் டக்கென்று தட்டியது, கொம்பை டீச்சர் பக்கம் நீட்டியது. இது ஒத்திகையில் இல்லாதது. மிரோஸ்லாவா ஒரு நொடி திகைத்து, பிடித்துக்கொண்டாள்.

"ஆடு என்ன சொல்லுதுன்னா," என்று ஜெர்மனில் கத்தினாள், "ஒர்ட்ரூட் டீச்சர் ஆடினாத்தான் எந்திரிக்குமாம்!"

"நானா? நான் எதுக்கு? அதெல்லாம் முடியாது," என்றார் டீச்சர். கூடம் கால்களால் தரையைத் தட்டியது. டீச்சர் நிகழ்ச்சித் தாளை ஹைனரின் தலைமேல் வைத்துவிட்டு, பாவாடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, ஒரு சுற்று ஆடினார். ஆடு ஒரு முன்னங்காலை மட்டும் தூக்கியது.

"இன்னொரு காலுக்கு மேயர் வேணுமாம்!"

மேயர் ஆடினார். மருந்துக்கடைக்காரி வேண்டும் என்றது ஆடு; நானும் ஆடினேன். கடைசியில் முதல் மூன்று வரிசையே எழுந்து ஆடிக்கொண்டிருந்தபோது ஆடு துள்ளி எழுந்தது. எழுந்த வேகத்தில் மிரோஸ்லாவாவை அப்படியே தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு கூடத்தைச் சுற்றி ஓடியது. வைத்தியன் தொப்பி எங்கேயோ விழுந்தது. அவளுடைய அப்பழுக்கில்லாத பின்னல் அவிழ்ந்து தொங்கியது. அவள் சிரித்தாளா அழுதாளா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

பின்கட்டில் ரயிஸாவின் கொம்புத் தலையைக் கழற்றினேன். முகமெல்லாம் நனைந்து, முடி நெற்றியில் ஒட்டியிருந்தது.

"விழுந்தப்போ எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு," என்றாள். "தரையில படுத்ததும் முடியல. கை கால் எதுவும் என்னுது மாதிரியே இல்ல."

"கிளாஸ் காதுல என்ன சொன்னார்?"

"எவ்ளோ நேரம் வேணாலும் படுத்துக்கோ, நாங்க எங்கயும் போகப் போறதில்லன்னார்." மூக்கை உறிஞ்சினாள். "அவ்ளோதான். அப்புறம் நிம்மதியா அழுதேன். அழுது முடிச்சதும், இந்த ஆள் என்னைக் கிழட்டு ஆடுங்கறானேன்னு கோவம் வந்துச்சு."

மறுநாள் மதியம் கூடத்தைச் சுத்தம் செய்யப் போனோம். கோதுமை மணி நாற்காலிக்கு அடியிலெல்லாம் புகுந்துகிடந்தது. நான் பெருக்க, மிரோஸ்லாவா முறத்தில் அள்ள, ரயிஸா நாற்காலிகளை நாலு நாலாகத் தூக்கி அடுக்கினாள். அப்போது போன் அடித்தது. தெரியாத எண். எடுத்துக் காதில் வைத்தவள் பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தாள். பிறகு திட்ட ஆரம்பித்தாள். அவள் துறைமுகத்து மைக்கில் எப்படிப் பேசியிருப்பாள் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

மிரோஸ்லாவா முறத்தைக் கீழே போட்டுவிட்டு என்னைக் கட்டிக்கொண்டாள். "தோலிக்தான்! படகை அக்கரைக்குக் கொண்டுபோய் நிறுத்தியிருந்தாராம். அங்க செல்போன் கோபுரம் விழுந்து போன் வேலை செய்யலையாம்."

"அவ என்ன சொல்லித் திட்டறா?"

மிரோஸ்லாவா காது கொடுத்துக் கேட்டாள். "இதை என்னால எந்த பாஷையிலயும் சொல்ல முடியாது வீப்க. ஆனா," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள், "ரொம்ப நல்ல உக்ரைன் பேச்சு."

அதன்பின் நடந்த கூட்டத்தில் டீச்சர் ஒரு காரியம் செய்தார். வழக்கமாக, அடுத்த மாதம் என்ன என்பதை அவரே அறிவிப்பார். அன்று ரயிஸாவைப் பார்த்து, "உனக்கு என்ன செய்யப் பிடிக்கும்?" என்று கேட்டார்.

ரயிஸா யோசித்தாள். "சீட்டு ஆடலாம்."

"சீட்டா?"

"முட்டாள்னு ஒரு ஆட்டம். கடைசியில கையில சீட்டோட நிக்கறவங்கதான் முட்டாள். கப்பல் வர லேட்டானா துறைமுகமே உக்காந்து ஆடும். சூரியகாந்தி விதை கொறிச்சுட்டே ஆடணும், தோலைக் கீழே துப்பணும்."

"கூடத்துலயா?" என்று நான் அலறினேன். தோலுக்குக் கிண்ணம் வைப்பது என்று முடிவானது.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை கூடம் முழுக்க நாலு நாலு பேராக உட்கார்ந்து முட்டாள் ஆடினோம். அதுவரை எந்த மாலைக்கும் வராத துறைமுகத் தொழிலாளர்கள்கூட வந்தார்கள். ஒர்ட்ரூட் டீச்சர் தொடர்ந்து முட்டாளானார். "இதுல ஏதோ பித்தலாட்டம் இருக்கு," என்று கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டார். வீட்டுக்குப் போகவும் மறுத்தார். ரயிஸாவின் மேஜையில் உட்கார்ந்திருந்த துறைமுகக்காரர் ஒருவர், கிரேன் பேச்சு வந்ததும் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டார். எந்தக் கிரேன், எவ்வளவு எடை, காற்றடித்தால் என்ன செய்வீர்கள் என்று இருவரும் கைகளை ஆட்டி ஆட்டிப் பேசினார்கள்.

அந்த வசந்தத்தில் அவள் சலவையை விட்டுத் துறைமுகத்தில் சேர்ந்தாள். முதலில் கீழே நின்று கைசைகை காட்டும் வேலை. மேலே ஏறுவதற்கு இங்கே தனித் தேர்வு, அதுவும் ஜெர்மனில். முதல் தடவை தோற்றுப்போனாள். பிறகு மிரோஸ்லாவா தினமும் வந்து அவளுக்கு வாக்கியம் திருத்தினாள். ரயிஸா அவளுக்கு மாவு இடாமல் பாக்கெட் வரேனிகி வேகவைத்துப் போட்டாள். இருவரும் இன்றைக்கும் பேச்சைப் பற்றிச் சண்டை போடுகிறார்கள். இரண்டாம் தடவை ரயிஸா தேறினாள். இப்போது காலையில் நான் கடை திறக்கப் போகும்போது கிரேன் கூண்டிலிருந்து ஒரு கை ஆடும். நானும் ஆட்டுவேன். சில நாள் அது வேறு யாராகவோ இருக்கும், அவரும் பதிலுக்கு ஆட்டுவார்.

இந்த ஜனவரியில் பக்கத்து ஊர் நட்புக் கழகம் எங்கள் ஆட்டைக் கூப்பிட்டது. எல்லோரும் ரயிலில் போனோம். கொம்புத் தலை எந்தப் பைக்குள்ளும் அடங்காததால் ரயிஸா அதை ஜன்னலோர இருக்கையில் உட்காரவைத்து, கழுத்தில் கம்பளித் துண்டைச் சுற்றியிருந்தாள். டிக்கெட் பார்க்க வந்த இளைஞர் எங்களுடையதையெல்லாம் பார்த்துவிட்டு, ஆட்டின் முன் நின்றார்.

"இவருக்கு?" என்றார் முகத்தில் சிரிப்பைக் காட்டாமல்.

"செத்துப்போச்சு தம்பி," என்றாள் ரயிஸா. "எந்திரிச்சதும் வாங்கிடறேன்."

"எப்போ எந்திரிக்கும்?"

"நீங்க ஆடினா இப்பவே எந்திரிக்கும்."

அவர் பெட்டியின் முன்னும் பின்னும் பார்த்தார். தொப்பியைச் சரிசெய்துகொண்டார். ஹைனர் அதற்குள் அக்கார்டியனை உறையிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தார்.